ஸ்னேக் பிளான்ட்: தண்ணீரைக் கொஞ்சம் மறந்து விடுங்கள்

வீட்டுக்குள் ஒரு பூக்கன்று வைக்க ஆசைதான், ஆனால் அதைப் பார்க்க நேரம் எங்கே என்று கேட்கும் சகோதரிகள் நம்மில் ஏராளம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, சமைத்து, உடுப்புக் கழுவி நிமிரும்போது அஸர் நேரமாகி விடுகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கென்றே அமைந்தது போன்ற கன்றுதான் ஸ்னேக் பிளான்ட். வாள் போல நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகள், அவற்றில் பாம்புத் தோல் போன்ற கோடுகள், சிலவற்றில் ஓரத்தில் மஞ்சள் கரை. பூக்கன்று விற்கும் இடமெல்லாம் இது கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'மாமியாரின் நாக்கு' என்றும் பெயருண்டு. பெயர் வைத்தது மருமகளா மருமகனா என்று தெரியவில்லை. கன்றின் மேல் குற்றமில்லை.

இது மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் இதன் நெருங்கிய உறவான மருள் நம் நாட்டுக்கே உரியது. சிங்களத்தில் அதை 'நியந்த' என்பார்கள். அதன் தாவரவியற் பெயரிலேயே 'சைலானிக்கா' என்று இலங்கையின் பெயர் இருக்கிறது. முன்பு அதன் இலையிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரித்தார்கள். வறண்ட நிலத்தில் வாழப் பழகிய குடும்பம் இது. தடித்த இலையிலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைக்கும். இலையின் நுண்துளைகளைப் பகல் வெயிலில் மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். வீணாகப் போகும் நீர் அதனால் மிகக் குறைவு.

இதைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பில் முக்கால் பங்கு முடிந்தது. ஏனென்றால் இந்தக் கன்று நம் வீடுகளில் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை. நாம் ஊற்றும் தண்ணீரால் சாகிறது. காலையில் முற்றத்து ரோஜாவுக்கு ஊற்றும் கையோடு இதற்கும் ஒரு கோப்பை ஊற்றி விடுகிறோம். மண் காய வழியில்லாமல் வேர் அழுகத் தொடங்குகிறது. இலையின் அடி மஞ்சளாகி மெதுமெதுவென்று ஆகும். "ஐயோ, வாடுகிறதே" என்று இன்னும் ஒரு கோப்பை ஊற்றுவோம். ஒரு நாள் இலையைத் தொட்டால் கையோடு கழன்று வரும், கெட்ட வாடையும் வீசும்.

உண்மையில் தாகம் வந்தால் அடையாளம் வேறு. இலை மெலிந்து, சுருக்கம் விழுந்து, நீளவாக்கில் மடியப் பார்க்கும். அடி உறுதியாகவே இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகிக்கொள்ளுங்கள்.

எப்போது ஊற்றுவது? கேக் வெந்து விட்டதா என்று குத்திப் பார்ப்பீர்களே, அதே போல ஓர் ஈர்க்கிலைச் சாடியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டி ஈரமாக வந்தால் விட்டு விடுங்கள். சுத்தமாக, காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். சாதாரண நாட்களில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை போதும். அடைமழைக் காலத்தில் மாதம் ஒருமுறையே தாராளம். ஊற்றும்போது இலைக் குருத்தின் நடுவில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். மூன்று கிழமை உம்றாவுக்குப் போய் வந்தாலும் இது உங்களைக் காத்துக்கொண்டு நிற்கும்.

தோட்ட மண்ணோடு பாதியளவு ஆற்று மணல் கலப்பது நல்லது. தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அதைக் குறையுங்கள். மண் சட்டியே சிறந்தது; அடியில் துளை கட்டாயம். அழகான பெரிய சாடியில் சின்னக் கன்றை நடாதீர்கள். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். யன்னலோரம் நல்லது. இருண்ட மூலையிலும் உயிரோடு இருக்கும், ஆனால் வளராது. உள்ளே இருந்ததைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். நுவரெலியா போன்ற குளிர் இடங்களில் இருப்பவர்கள் இரவில் வெளியே விட வேண்டாம். தூசி படிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசினால் தூசி இன்னும் அதிகமாக ஒட்டும்.

இனி முக்கியமான விஷயம். சாடிக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு தட்டு வைப்போம் அல்லவா? டெங்கு நுளம்புக்கு அந்தத் தட்டே போதும். 2017இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானதை நாம் மறக்கவில்லை. முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஏறக்குறைய ஒரு கிழமை போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். ஊற்றி அரை மணி நேரத்தில் வடிந்ததை அகற்றி விடுங்கள். பிறகு தட்டைக் காய வையுங்கள்.

தவழும் பிள்ளையும் பூனையும் உள்ள வீட்டில் கன்றை எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. இலைச்சாற்றில் உள்ள சப்போனின் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கக் கூடியது. குழந்தை கடித்து விட்டால் வாயைக் கழுவி விடுங்கள். வாந்தி எடுத்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். 1989இல் நாசா செய்த ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. 2019இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, யன்னல் திறந்து கிடைக்கும் பயனைப் பெற ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 1000 கன்றுகள் வரை வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவு வைத்தால் பாய் விரிக்க இடமிராது. அழகுக்காக வாங்குங்கள், காற்றுக்கு யன்னலைத் திறந்து வையுங்கள்.

அழுகத் தொடங்கிய கன்றையும் காப்பாற்றலாம். வெளியே எடுத்து மண்ணை உதறி, கபிலமாகி வழுவழுப்பான வேர்களை வெட்டி, இரண்டு நாள் நிழலில் காய விட்டுப் புதிய காய்ந்த மண்ணில் நடுங்கள். ஒரு கிழமைக்குத் தண்ணீர் வேண்டாம். நல்ல இலை மிஞ்சினால் அதை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் காய வைத்து மணலில் ஊன்றலாம். அடிப்பக்கம் கீழே இருக்க வேண்டும், தலைகீழானால் வேர் விடாது. வெட்டும்போதே ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். வேர் வர ஒன்றிரண்டு மாதம், குருத்து வர இன்னும் நாளெடுக்கும். பக்கத்து வீட்டுச் சகோதரி உங்கள் மஞ்சள் கரைக் கன்றில் ஆசைப்பட்டால் மட்டும் இலைத் துண்டைக் கொடுக்காதீர்கள். அதிலிருந்து முளைப்பது வெறும் பச்சையாகத்தான் வரும். சாடியைக் கவிழ்த்து, கிழங்கோடு ஒரு குருத்தைப் பிரித்துக் கொடுங்கள்.