கிரேக்கத் தெய்வம் பொறித்த காசுகள்: மட்டாஞ்சேரியில் தேடுவோர் அறிய வேண்டியவை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் கூட்டிக்கொண்டு போகும் இடம் மட்டாஞ்சேரி யூதத் தெரு. 1568இல் எழுந்த பரதேசி சினகாக்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். பித்தளை விளக்கு, மரப்பெட்டி, கப்பல் மணி, கடிகாரம் இவற்றுக்கு நடுவே ஒரு தட்டில் பழைய காசுகளும் கிடக்கும். அவற்றில் சிங்கத்தின் தோலைத் தலையில் மாட்டிய ஒரு முகம் அடிக்கடி கண்ணில் படும். "அலெக்சாண்டர் காசு சாரே" என்பார் கடைக்காரர். நம்மவர்களில் காசு சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு உடனே கை பரபரக்கும்.

அந்த முகம் யாருடையது? அத்தகைய காசு கொச்சிப் பக்கம் உண்மையிலேயே கிடைத்திருக்க முடியுமா? வாங்குவதாக இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கத்தோல்காரர் யார்?

அவர் அலெக்சாண்டர் அல்லர். கிரேக்கப் புராணத்து மாவீரன் ஹெராக்ளீஸ். நெமியா என்ற ஊரில் யாராலும் கொல்ல முடியாத சிங்கத்தைக் கழுத்தை நெரித்துக் கொன்று, அதன் தோலையே கவசமாக அணிந்துகொண்டவர். அலெக்சாண்டர் (ஆட்சி கி.மு. 336-323) வெளியிட்ட வெள்ளிக் காசுகளின் முகப்பில் ஹெராக்ளீஸின் தலையும், பின்புறத்தில் அரியணையில் அமர்ந்து கையில் கழுகைத் தாங்கிய ஜீயஸும் இருக்கும். அலெக்சாண்டர் பெயர் பின்புறத்தில்தான் கிரேக்க எழுத்தில் இருக்கும். அவர் இறந்த பின்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பல நகரங்கள் இதே அச்சில் காசு அடித்தன. ஆகவே "அலெக்சாண்டர் காசு" என்று சொல்லப்படுவதெல்லாம் அவர் காலத்துக் காசு என்று எண்ணிவிடக் கூடாது.

ஹெராக்ளீஸ் இந்திய எல்லைக்குள்ளும் வந்தார். பாக்திரியாவை ஆண்ட யூதிடெமஸின் காசில் அவர் பாறை மேல் அமர்ந்திருப்பார். யானைத் தலைத்தோலை அணிந்த முதலாம் டெமெட்ரியஸின் காசில் நின்றுகொண்டு தனக்குத் தானே மகுடம் சூட்டிக்கொள்வார். குஷாண மன்னர் குஜுல கட்பைசிஸின் செப்புக் காசுகளிலும் அவர் கையில் தடியோடு நிற்கிறார். பின்னால் வந்த ஹுவிஷ்கரின் பொற்காசுகளில் ஒரு வகையில் அவர் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. அதே ஹுவிஷ்கரின் வேறு சில காசுகளில் நம்முடைய ஸ்கந்தனும் குமரனும் விசாகனும் இருப்பது தமிழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. முருகனும் ஹெராக்ளீஸும் ஒரே அரசனுடைய காசுச்சாலையில் அச்சேறியவர்கள்!

தெற்கோடும் ஹெராக்ளீஸுக்கு ஒரு உறவு சொல்லப்பட்டது. சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த மெகஸ்தனீஸ், ஹெராக்ளீஸுக்கு பண்டையா என்றொரு மகள் இருந்ததாகவும், அவளுக்கு அவர் ஒரு நாட்டைக் கொடுத்ததாகவும் எழுதிவைத்தார். அது பாண்டிய நாடு பற்றிய பேச்சு என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர் சொல்லும் வடநாட்டு ஹெராக்ளீஸ் மதுரா நகரத்துக் கண்ணனாக இருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. கிரேக்கர் புது ஊரில் கண்ட தெய்வத்துக்குத் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துப் பார்த்தார்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்?

நம் பக்கத்து மண்ணில் கிடைத்தவை

இனி கொச்சிக்கு வருவோம். மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வடக்குப் பறவூர் வட்டாரம். பட்டணம் என்ற சிற்றூரில் கேரள வரலாற்று ஆராய்ச்சி மன்றம் 2007 முதல் நடத்திய அகழாய்வில் ஆம்போரா என்னும் மதுச்சாடிகளின் உடைசல்கள், மரப்படகு, மிளகு, சேரர் காசுகள் எல்லாம் வெளிவந்தன. சங்க இலக்கியம் பாடும் முசிறி இதுவே என்பது பலருடைய முடிவு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. 1341ஆம் ஆண்டு பெரியாற்று வெள்ளத்துக்குப் பிறகு பழைய துறை தூர்ந்து கொச்சித் துறை தலையெடுத்தது என்பார்கள். அப்படிப் பார்த்தால் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகள் முசிறியின் பேரப்பிள்ளைகள்.

அந்தப் பொன் என்ன பொன்? 1983இல் பறவூருக்கு அருகே வள்ளுவள்ளியில் கிடைத்த புதையல் விடை சொல்கிறது. 252 ரோமானியப் பொற்காசுகள். நீரோ முதல் அந்தோனினஸ் பயஸ் வரையிலான பேரரசர்கள் காலத்தவை. 1946இல் திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் கிடைத்த புதையலில் ரோமானியப் பொற்காசும் வெள்ளிக் காசும் நம் நாட்டு முத்திரைக் காசும் கலந்திருந்தன. 1847இல் கண்ணூர்ப் பக்கம் கோட்டயத்தில் கிடைத்த பொற்காசுகள் ஐந்து கூலியாள் சுமை இருந்ததாகச் சொல்லப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி கைமாறிச் சிதறிவிட்டது.

ஆக, கேரளப் புதையல்கள் பெரும்பாலும் ரோமானியக் காசுகள். அலெக்சாண்டர் காசுகள் அல்ல. காரணம் எளிது. முசிறி வணிகம் செழித்த காலத்தில் நடுநிலக்கடல் நாடுகள் ரோமின் கீழ் வந்துவிட்டன. செல்லுபடியான காசு ரோமுடையது. ஆனால் வணிகர்களில் பலர் எகிப்திலிருந்து வந்த, கிரேக்க மொழி பேசியவர்கள். வியன்னாவில் உள்ள, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏட்டில் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் கிரேக்க மொழியில்தான் இருக்கிறது. அதில் வரும் கப்பலின் பெயர் ஹெர்மபோல்லோன். ஹெர்மீஸ், அப்போலோ என்ற இரண்டு கிரேக்கத் தெய்வங்களைச் சேர்த்து வைத்த பெயர்! கிரேக்கத் தெய்வம் இந்தக் கடற்கரையோடு பெயரளவிலாவது பழகியிருக்கிறது.

ரோமானியக் காசிலும் தேடினால் கிரேக்கத் தெய்வம் உண்டு. அகஸ்டஸ் காலத்துக் காசுகள் சிலவற்றில் யாழ் ஏந்திய அப்போலோ. கிளாடியஸ் காசில் இறக்கை முளைத்த நெமிசிஸ். நீரோ காசில் ஜூபிடர், அதாவது ரோம் வேடம் போட்ட ஜீயஸ். சேகரிப்பவர் கேரளத்தோடு தொடர்புள்ள கிரேக்கத் தெய்வத்தைத் தேட வேண்டிய இடம் இதுதான்.

கரூர் சொல்லும் பாடம்

அசல் கிரேக்கக் காசு தெற்கே கிடைக்கவே இல்லையா என்றால், கிடைத்திருக்கிறது. சேரர் தலைநகர் வஞ்சி என்று பலர் கருதும் கரூரில். அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்களிடமிருந்து வந்தவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆண்டுக்கணக்கில் தேடிச் சேகரித்தார். ரோமானியம் அல்லாத வெளிநாட்டுக் காசுகளைப் பற்றித் தனி நூலே 2000இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். செலூக்கிய அரசர்கள், பினீசிய நகரங்கள், ரோட்ஸ், கிரீட், திரேஸ், தெஸ்ஸலி எனப் பல இடங்களின் காசுகள் அதில் பேசப்படுகின்றன. ரோட்ஸ் தீவுக் காசு என்றாலே பொதுவாக முகப்பில் சூரியக் கடவுள் ஹீலியோஸ், பின்புறத்தில் ரோஜாப்பூ.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். இவற்றில் பல தேய்ந்த செப்புக் காசுகள். கடையில் வைத்தால் அலெக்சாண்டர் வெள்ளிக்கு முன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் வரலாற்றுக்கு அவைதான் பெரிது. ஏன்? "கரூர், அமராவதி" என்ற முகவரி அவற்றுக்கு இருக்கிறது. அகழாய்வில் கிடைத்தது போல மண்ணடுக்கு தெரியாதுதான். இருந்தாலும் ஊர் தெரியும், எடை தெரியும், படம் அச்சில் இருக்கிறது. முகவரி இல்லாத காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊமை. அது கொச்சிக்குக் கப்பலில் வந்ததா, போன வருஷம் கூரியரில் வந்ததா என்று அதைக் கேட்டு அறிய முடியாது.

வாங்கும் முன்

கடைத் தட்டில் உள்ள கிரேக்கக் காசுகளில் நல்லவை இருக்கலாம். அச்சில் வார்த்த போலிகளும் இருக்கலாம். அலெக்சாண்டர் வெள்ளி உலகெங்கும் அதிகமாகப் போலி செய்யப்படும் காசுகளில் ஒன்று. சில எளிய சோதனைகள் உண்டு:

எடை: நான்கு திராக்மா காசு 17 கிராம் அளவில், ஒரு திராக்மா 4 கிராமுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். பாதியாகவோ ஒன்றரை மடங்காகவோ இருக்காது.

விளிம்பு: அக்காலக் காசு சுத்தியலால் அடித்தது. விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினால் அது இரண்டு அச்சுகளைச் சேர்த்து வார்த்ததன் அடையாளம்.

மேற்பரப்பு: பூதக்கண்ணாடியில் சிறு குமிழிக் குழிகள் தெரிந்தாலும், சிங்கத்தின் பிடரி மயிர் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இரட்டை: ஒரே தட்டில் ஒரே வெடிப்பு, ஒரே சாய்வு உள்ள இரண்டு காசுகள் இருந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

வாங்கிய பிறகு புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளை மெருகுப் பசையும் வேண்டாம். காசின் மேல் படிந்த நிறமே அதன் வயதுக்குச் சான்று. கொச்சி ஈரக்காற்றில் மலிவான மென்பிளாஸ்டிக் உறைகள் காசில் பச்சை பிடிக்க வைக்கும். காகித உறையும், அருகில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வயது நிறைந்த காசு தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குவதே நல்லது. தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் சிறைத்தண்டனை உண்டு. வளைகுடாவில் இருக்கும் தம்பிக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மண்ணில் கிடைத்த புதையலுக்கு 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. கேரளத்துக்கு 1968இல் தனிச் சட்டமும் வந்தது. கண்டெடுத்தவர் அரசு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். பயந்துபோய் நகைக்கடையில் உருக்கக் கொடுப்பவர் உண்டு. உருக்கினால் பொன்னின் விலை மட்டுமே கிடைக்கும். முசிறியின் கணக்கில் ஒரு வரி என்றென்றைக்கும் அழிந்துபோகும்.

நாம் செய்யக்கூடியது

வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு அட்டை போடுங்கள். எடை, விட்டம், இருபக்கப் படம், வாங்கிய இடம், நாள், விற்றவர் சொன்ன ஊர். அவர் சொன்னது நம்பத்தக்கதா என்பதை வேறொரு வரியில் எழுதுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். கண் பழகுவதற்குத் திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவையும், சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். நூறு நல்ல காசுகளைக் கண்ணால் பார்த்தவரை ஒரு போலி எளிதில் ஏமாற்றாது.

இன்னொன்று, பணமே தேவைப்படாத வேலை. நம் குடும்பங்களில் பல, தலைமுறைகளுக்கு முன் வாணிபத்துக்கும் தொழிலுக்கும் கொச்சிக்கு வந்தவை. பழைய காசுமாலையிலோ பூஜைப் பெட்டியிலோ துளையிட்ட ஒற்றைக் காசு கிடக்கலாம். அதை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ள பெரியவரிடம் உட்காருங்கள். "பாட்டி, இது எங்கே கிடைத்தது? யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே அன்றைக்கே எழுதிவையுங்கள். காசு பெட்டியில் பத்திரமாக இருக்கும். அதன் முகவரி பாட்டியின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.