கைக்கு முன்னே விழிக்கும் தசை

அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்குகிறோம். கை அசைவதற்கு ஒரு கணம் முன்பே, வயிற்றின் ஆழத்தில் இடுப்பைச் சுற்றி ஓடும் தசை இறுகிவிடுகிறது. நாம் அதற்குக் கட்டளை இடுவதில்லை. கை நீண்டால் உடல் முன்னே சாயும், முதுகெலும்பு ஆட்டம் காணும் என்பது தெரிந்ததுபோல் அது முந்திக்கொண்டு தாங்குகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் இதை அளந்து 1996இல் வெளியிட்டார்கள். கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டவர்களிடம் அதே தசை தாமதமாக விழித்ததையும் கண்டார்கள். நாம் கேட்காமலே நமக்குக் காவல் வைத்தவனை எண்ணி, இதைப் படித்த அன்று கைகூப்பினேன்.

அந்தக் காவலுக்குத் துணைகளும் உண்டு. மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் உதரவிதானம்; கீழ்த்தோல் இடுப்புத் தளத் தசைகள்; சுற்றிலும் இழுத்துக் கட்டிய வார், மேலே சொன்ன ஆழ்தசை. பின்புறம் முதுகெலும்பின் கண்ணிகளைப் பக்கத்துக் கண்ணிகளோடு பிணைத்திருக்கும் சின்னத் தசைகள். இவை எல்லாம் சேர்ந்துதான் இடுப்புக்கு நிலை. பிலாட்டிஸ் பயிற்சி கைவைப்பது இந்த இடத்தில்தான்.

உதரவிதானத்தின் கதை இன்னும் பெரிது. கரு நான்கு வார வயதாக இருக்கும்போது அது கழுத்தின் அருகே உருவாகத் தொடங்குகிறது. பிறகு மெல்ல மெல்ல நெஞ்சுக்கூட்டின் அடிக்கு இறங்கி வருகிறது. வரும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்து வருகிறது. அதனால்தான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே வேலை செய்யும் தசைக்கு ஆணை இன்றும் கழுத்திலிருந்து வருகிறது. பிறந்த கணம் முதல் ஏறி இறங்குகிறது; வளர்ந்தவரிடம் நாளொன்றுக்குச் சுமார் 20,000 முறை. தூங்கும்போதும் ஓய்வதில்லை.

பிலாட்டிஸ் பயிற்சியை வகுத்தவர் மூச்சின் அருமையைச் சிறுவயதிலேயே அறிந்தவர். 1883இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாஹ் நகரில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸுக்குக் குழந்தைப் பருவத்தில் ஆஸ்துமா, எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைக்கப்பட்டார். ஐல் ஆஃப் மேன் தீவு முகாமிலும் பயிற்சியை விடவில்லை. 1926 வாக்கில் நியூயார்க் போய்க் கூடம் திறந்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கண்ட்ராலஜி’. அவருடைய பெயரே அதற்கு நிலைத்தது பிற்பாடுதான்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கு வாழ்க்கைக்கு இது ஏன் வேண்டும் என்று கேட்டால், கூட்டரசு நெடுஞ்சாலையைக் காட்டுவேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் உட்கார்ந்து வந்து, அலுவலகத்தில் உட்கார்ந்து, மறுபடி உட்கார்ந்தே வீடு திரும்புகிறோம். முதுகெலும்பின் கண்ணிகளுக்கு இடையே 23 தட்டுகள் இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் தட்டுக்குள் ரத்தக்குழாய் ஓடுவதில்லை. அழுத்தம் ஏறி இறங்கும்போது நீரை விட்டும் உறிஞ்சியும்தான் பெரும்பாலும் அது பசியாறுகிறது. பகலெல்லாம் பாரம் தாங்கி நீர் இழப்பதால் மாலையில் நம் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் குறையலாம். இரவுத் தூக்கம் அதைத் திருப்பித் தருகிறது. அசையாமல் உட்கார்ந்தே கிடக்கிற முதுகுக்கு இந்த ஏற்ற இறக்கம் குறைந்துபோகிறது. பாயில் படுத்து, ஒவ்வொரு கண்ணியாக முதுகைத் தரையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு கண்ணியாகத் திரும்ப வைக்கச் சொல்கிறது பிலாட்டிஸ். பார்க்க எளிது. செய்தால் கால் நடுங்கும்.

முதுகைப் பற்றி பிரிக்பீல்ட்ஸ் அறிந்ததை வேறு எந்த வட்டாரமும் அறியாது என்று நினைக்கிறேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது அங்கே. உடம்பு பிடித்துவிடும் பார்வையற்ற அன்பர்களின் கடைகளும் அங்கேதான். எந்த இடத்தில் தசை முடிச்சுப் போட்டிருக்கிறது என்பதை அவர்கள் விரல் கண்டுபிடிக்கும் வேகம் வணக்கத்துக்குரியது. அவர்கள் அவிழ்த்த முடிச்சு மறுபடி விழாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அதற்கு அந்த ஆழ்தசையே துணை என்பதைக் காண, தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் காவடியோடு ஏறுகிறவரைக் கவனியுங்கள். படிக்குப் படி பாரம் சாய்கிறது. சாயும் முன்பே உள்ளே ஒன்று தாங்கிக்கொள்கிறது. பக்தியும் உடலும் அங்கே பிரிந்து நிற்பதில்லை.

பிலாட்டிஸ் பற்றி ஆய்வுகள் அடக்கமாகவே பேசுகின்றன. 2015இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு, கீழ்முதுகு வலிக்குப் பெரிதாக எதுவும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டிஸ் நல்லது என்றது; மற்ற உடற்பயிற்சிகளைவிட உயர்ந்தது என்று சொல்லவில்லை. எனக்கு அதில் குறை இல்லை. எலும்பு மெலிந்த அம்மாக்கள் மட்டும் முதுகை முன்னால் சுருட்டும் பயிற்சிகளை விட்டுவிட வேண்டும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மனத்துக்குக் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. பிலாட்டிஸின் ‘நூறு’ என்ற பயிற்சியில் அந்த மூச்சை ஐந்து எண்ணிக்கை இழுத்து, ஐந்து எண்ணிக்கை விட்டு, பத்துச் சுற்று. எண்ணத் தவறினால் பயிற்சி தடுமாறும். அதனால் நாளைய கவலைக்கு அங்கே இடமில்லை. வகுப்புக்குக் காசோ நேரமோ இல்லாதவர்கள் கொமுட்டர் ரயில் இருக்கையிலேயே தொடங்கலாம். விலாவின் இருபுறமும் கைவைத்து, தோளை உயர்த்தாமல், விலா பக்கவாட்டில் விரியும்படி மூச்சை இழுங்கள். விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள். சுபாங் ஜெயா வருவதற்குள் சில சுற்று முடிந்துவிடும்.