கிளைம் பணம் ஏன் லேட்டாகுது? டீமா உட்கார்ந்து ஒரு மீன் முள் வரைங்க!

ஆபீஸ் வேலையா ஊருக்குப் போறீங்க. ரூம், டாக்ஸி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் உங்க கிரெடிட் கார்டுலதான் போகுது. கிளைம் பணம் வர்றதுக்குள்ள கார்டு பில் கட்ட வேண்டிய தேதி தாண்டிடுது. மாதம் 3.5% வட்டின்னு வெச்சுக்கிட்டா 630 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 113 ரூபாய். மொத்தம் 743 ரூபாய், ஒரே மாசத்துல. கம்பெனி செலவுக்கு நீங்க வட்டி கட்டுறீங்க! முழு பில்லையும் கட்டாததால, அடுத்து வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

இது டீம்ல எல்லாருக்கும் நடக்குதுன்னா, அது தனி ஆளோட பிரச்சினை இல்லை. ஆனா கேட்டுப் பாருங்க, "அக்கவுன்ட்ஸ்காரங்க ஸ்லோ"ன்னு ஒரே பதில்தான் வரும். அவங்களைக் கேட்டா, "உங்க டீம் பில்லே ஒழுங்கா தர்றதில்லை"ன்னு சொல்வாங்க.

இந்த மாதிரி இழுபறிக்குத்தான் மீன் முள் வரைபடம். தரக் கட்டுப்பாட்டு நிபுணரான ஜப்பான் பேராசிரியர் கவோரு இஷிகாவா உருவாக்கியது. அதனால இதுக்கு இஷிகாவா வரைபடம்னும் பேர் உண்டு. தொழிற்சாலைகளில் ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை, அளவீடு, சூழல்னு ஆறு கிளை போடுவாங்க. நம்ம பிரச்சினைக்கு ஏத்த மாதிரி கிளைகளை மாத்திக்கலாம்.

எப்படி வரையணும்?

1. மீன் தலையில பிரச்சினையை எழுதுங்க. "கிளைம் லேட்"னு மொட்டையா வேண்டாம். "கடந்த 3 மாசத்துல 24 கிளைம்ல 15-க்கு 30 நாள் தாண்டித்தான் பணம் வந்தது"ன்னு எண்ணோட எழுதுங்க. (இது உதாரணத்துக்கு. உங்க கணக்கை நீங்க எடுங்க.)

2. தலையிலிருந்து வால் வரை ஒரு முதுகெலும்புக் கோடு. அதிலிருந்து கிளைகள்: பில், ஆப், அப்ரூவல், தேதி, விதிமுறை.

3. ஒவ்வொருத்தரும் தனக்குத் தோணுற காரணத்தை ஸ்டிக்கி நோட்ல எழுதி, பொருந்துற கிளையில ஒட்டட்டும். பேசி முடிவு பண்ணா சீனியர் சொன்னதுதான் நிக்கும். புதுசா சேர்ந்தவர் வாயே திறக்க மாட்டார்.

4. யார் பேரையும் முள்ளுல எழுதாதீங்க. "மேனேஜர் சோம்பேறி" காரணம் ஆகாது. "மேனேஜர் லீவ்ல இருந்தா அப்ரூவ் பண்ண வேற ஆள் இல்லை" காரணம். முதலாவது சண்டையில முடியும், ரெண்டாவதை சரி பண்ணலாம்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க

படம் வரைஞ்சதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. முள்ளுல இருக்கறது எல்லாமே இன்னும் யூகம்தான். லேட் ஆன அந்த 15 கிளைமையும் எடுத்து, ஒவ்வொண்ணும் எங்க நின்னுச்சுன்னு எண்ணுங்க. நம்ம உதாரணத்துல இப்படி வருதுன்னு வெச்சுக்குவோம்:

- பில்லுல கம்பெனி பேர் இல்லாம திரும்பி வந்தது: 9
- மாசக் கடைசி தேதி தாண்டி சப்மிட் பண்ணது: 4
- அப்ரூவல் நிலுவை: 2

எல்லாரும் திட்டின அக்கவுன்ட்ஸ் டீம் இந்தக் கணக்குல எங்கேயும் வரலை! இப்போ பெரிய முள்ளை மட்டும் எடுத்து "ஏன்?"னு கேட்டுக்கிட்டே போங்க. பில் ஏன் திரும்புது? ரூமை சொந்தப் பேர்ல புக் பண்றோம். ஏன்? கம்பெனி பேரும் ஜிஎஸ்டி நம்பரும் கொடுக்கணும்னு புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது. ஏன்? அந்த விவரம் என்னிக்கோ வந்த மெயில்ல மட்டும் இருக்கு.

அப்போ தீர்வு ரொம்ப சின்னது. அந்த விவரத்தை டீம் வாட்ஸ்அப் குரூப்ல பின் பண்ணுங்க. புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லுங்க. ஒரு நேரத்துல ஒரு மாற்றம் போதும். அடுத்த மாசம் திரும்ப எண்ணிப் பாருங்க. 9 குறையலைன்னா, நீங்க பிடிச்சது தப்பான முள். அடுத்ததுக்குப் போங்க.

எண்ணிப் பார்த்து தாமதம் நிஜமாவே அக்கவுன்ட்ஸ் பக்கம்தான்னு வந்தாலும் நல்லதுதான். அப்போ புலம்பலோட போகாம, கணக்கோட போய் "பயணத்துக்கு முன்னாடியே அட்வான்ஸ் கொடுங்க"ன்னு கேட்கலாம்.

உங்க டீம்ல பெரிய முள் எது? வரைஞ்சு பார்த்துட்டு கமென்ட்ல சொல்லுங்க.