மூலையில் ஒளிந்த புளிப்பு

தவக்காலம் தொடங்கியதும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம்; வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்கிறோம்; புலால் தவிர்க்கிறோம். எல்லாம் நன்றே. ஆயினும் பாஸ்காவுக்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதை, அவ்விழாவை முதன்முதல் கொண்டாடிய யூத மக்களிடமே கேட்டறிவது தகும்.

நீசான் மாதம் 14-ஆம் நாள் தொடங்கும் இரவில், குடும்பத் தலைவர் மெழுகுதிரி ஏந்தி வீடு முழுவதும் புளிப்பைத் தேடுவார். அடுப்படி, அலமாரி, கட்டிலின் கீழ், சட்டைப் பையின் மடிப்பு என எங்கேனும் புளித்த அப்பத்தின் துணுக்கு கிடந்தால், இறகினால் கூட்டியெடுத்து மறுநாள் காலையில் தீயிலிடுவார். இல்லத்தரசி பல நாள் முன்னரே வீட்டைக் கழுவித் துடைத்திருப்பாள். ஆயினும் தேடாமல் விடுவதில்லை. கொச்சியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபக்கூடத்தைச் சூழ வாழ்ந்த யூதர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். வீட்டுக்கு வெள்ளையடித்து, கிணற்றை இறைத்து, பாஸ்காவுக்கெனத் தனிப் பாத்திரங்கள் வைத்து, அரிசியையும் மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவர். அவருள் பெரும்பாலோர் பின்னர் இஸ்ரயேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

தேடி முடித்த பின் யூதர் கூறும் அறிக்கை ஒன்றுண்டு. தாம் காணாமல் விட்ட புளிப்பு வீட்டில் இருக்குமாயின், அது நிலத்துப் புழுதியைப் போல் எவர்க்கும் உரியதல்லாத பொருளாகட்டும் என்பது அதன் கருத்து. மூலை முடுக்கெல்லாம் தேடியவனே, தன் கண்ணுக்குத் தப்பியதும் உண்டென ஒப்புக்கொள்கிறான். தாழ்ச்சிக்கு இதனினும் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. நாமும் பாவசங்கீர்த்தனத்தின் இறுதியில், மறந்துபோன பாவங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறோம் அல்லவா? ஆனால் அதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிடுகிறோம். எவருடைய இரகசியத்தையும் வெளியிடாமலே இன்னொன்றும் சொல்லலாம்: புதுநன்மை வாங்கிய வயதில் மனப்பாடம் செய்த பட்டியலை ஐம்பதாம் வயதிலும் ஒப்புவிப்போர் நம்மிடையே பலர். அந்த வயதில் சகோதரனோடு வழக்காடச் சொத்தேது?

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பழைய புளிப்பை அகற்றச் சொல்கிறார். அச்சபையில் ஒருவன் பெரும் பாவத்தில் கிடக்க, மற்றவர்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தனர். அப்பெருமையைச் சாடும்போதே அவர் புளிப்பைக் குறிப்பிடுகிறார். நம் வீட்டு மகளிர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இட்லிக்கு அரைத்து வைத்த மாவு விடியுமுன் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிகிறது. எடை போட்டுப் பாருங்கள். அரைத்தபோது இருந்ததற்குமேல் ஒரு பலமும் கூடியிராது.

திருவான்மியூர்ப் பக்கத்தில் இப்புளிப்பு பெரும்பாலும் மண்ணில் ஒளிந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் எழுந்த பின், இங்கு நிலத்தின் விலை எளியவர் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. தகப்பன் விட்டுச் சென்ற அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மணல், உடன்பிறந்தார் இருவரைப் பல்லாண்டு பேசாதிருக்கச் செய்கிறது. இருவரும் பூசைக்கு வருகின்றனர். இருவரும் ஒருசந்தி இருக்கின்றனர். ஒரே நற்கருணையை உட்கொள்கின்றனர். "அண்ணன் வந்து முதலில் பேசட்டும்" என்கிறான் தம்பி. "இளையவனுக்கு நான் இறங்கிப் போவதா?" என்கிறான் அண்ணன். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற ஆண்டவர், யார்மேல் குற்றம் என்று விசாரித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. வழக்கு மன்றத்தில் தீர்ப்புக்குக் காத்திருக்கட்டும். அதற்காகப் பேச்சும் காத்திருக்க வேண்டுமா?

இவ்வூரிலும் அடையாற்றிலும் வாழும் கேரளத்துச் சீரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரிய வியாழன் இரவு பெசகா அப்பம் செய்வர். நாம் இட்லிக்குச் சேர்க்கும் அதே அரிசியும் உளுந்துமே. ஆனால் புளிக்கவிடாமல் ஆவியில் வேகவைப்பர். குருத்தோலைச் சிலுவையை அதன்மேல் வைத்து, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாலோடு, குடும்பத் தலைவர் மூத்தோர் தொடங்கி அனைவருக்கும் பகிர்ந்தளிப்பார். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. உறவினரும் அயலாரும் கொண்டுபோய்க் கொடுப்பர்.

பேச்சு நின்றுபோன வீடும் ஒருவகையில் துக்க வீடே. பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குமுன் அண்ணன் வீட்டுக் கதவைத் தம்பி தட்டலாம். அல்லது தம்பி வீட்டுக் கதவை அண்ணன் தட்டலாம். பெசகா அப்பம் செய்யத் தெரியாவிட்டால் நான்கு இட்லியேனும் எடுத்துச் செல்லலாம். அது புளித்த மாவாயிற்றே என்று அன்று யாரும் குறை சொல்லார்.