விசைப்பலகைப் பழக்கமும் எழுத்து வழுக்களும்: ‘ஆரணி’, ‘களம்பூர்’ என்னும் ஊர்ப்பெயர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினியிலும் கைப்பேசியிலும் தமிழர் அன்றாடம் கையாளும் செயலிகளுள் தட்டச்சுச் செயலியே முதன்மையானது. ஒருவர் எம்முறையில் தட்டச்சிடுகிறார் என்பது அவர் எழுத்தின் வடிவையும், அவ்வெழுத்து பிற்காலத்தில் தேடிக் கிடைக்குமா என்பதையும் தீர்மானிக்கிறது. தட்டச்சுப்பொறி முறை, தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, குரல்வழி உள்ளீடு ஆகிய நான்கும் வெவ்வேறு வகை வழுக்களைத் தோற்றுவிப்பதை, திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் இரண்டினைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விசைப்பலகை, ஒருங்குறி, தமிழ்99, மெய்ம்மயக்கம், எழுத்து வழு, ஊர்ப்பெயர்

முன்னுரை

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் எழுதியவரின் கைப்பழக்கத்தை முதலில் அறிந்துகொள்வர். ஏட்டில் புள்ளி இடப்படாமையும், எகர ஏகாரங்களும் ரகரமும் காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையும் பாடவேறுபாடுகளுக்குக் காரணமாயின. அச்சு வந்தபின் அச்சுக்கோப்பவரின் கைப்பிழை ஆராயப்பட்டது. கணினித் தமிழுக்கும் இத்தகைய கைப்பழக்கம் உண்டு. அதனை அறியாதவர், மின்னுரையில் காணும் வழுவை எழுதியவரின் அறியாமை என்றே கொள்ள நேரும்.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியும், அதன் அருகே ‘ஆரணி ரோடு’ தொடர்வண்டி நிலையம் அமைந்த களம்பூரும் இவ்வாய்வுக்கு ஏற்ற சான்றுகள். முன்னதில் ரகரமும் ணகரமும், பின்னதில் ளகரமும் மகர பகர மயக்கமும் ரகர ஒற்றும் உள்ளன. விசைப்பலகைகள் வழுவும் இடங்கள் பெரும்பாலும் இவையே.

தட்டச்சுப்பொறி முறை

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வழிவந்த அமைப்பில், கண்ணுக்குத் தோன்றும் வரிசையே விரலுக்கும் வரிசை. ‘கொ’ என்பதற்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகள் இடமிருந்து வலமாக அழுத்தப்படும். கணினி வந்தபோது, பொறியில் பயின்ற விரல்களுக்காக இவ்வமைப்பை ஒட்டிய எழுத்துருக்கள் தோன்றின. இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற ‘பாமினி’ அவற்றுள் ஒன்று.

இவ்வெழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ். கோப்பில் இருப்பது தமிழன்று. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் கோவையே எஞ்சும். தேடுபொறிக்கும் அது தமிழாகத் தெரியாது.

இம்முறையில் மற்றொரு நுட்பமும் உண்டு. அச்சில் ரகரம் புள்ளியோ மேல்விலங்கோ பெறும்போது அதன் சாய்ந்த அடிக்கோடு நீக்கப்படுவது வழக்கம். அதனால் அவ்விடங்களில் காலின் வடிவமே ரகரத்திற்கும் பயன்பட்டது. தாளில் இதனால் கேடில்லை. அதே பழக்கம் ஒருங்குறிக் கோப்பில் நுழைந்தால், ‘களம்பூர்’ என்பதன் இறுதி எழுத்து, காலும் புள்ளியுமாகப் பதிவாகி ‘களம்பூா்’ என நிற்கும். இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே; கணினிக்கு வெவ்வேறு சொற்கள். மாற்றிகளின்வழி ஒருங்குறிக்குக் கொணரப்பட்ட உரைகளில் இவ்வழு மிகுதி.

தமிழ்99

1997இல் நா. கோவிந்தசாமி முயற்சியில் சிங்கப்பூரில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை உருப்பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவை வலக்கைக்கும் வகுக்கப்பட்டன. மெய்யை அடுத்து உயிரை அழுத்த உயிர்மெய் பிறக்கும். இது எழுத்திலக்கணம் கூறும் புணர்ச்சியே.

இலக்கண மாணவர் கருதத்தக்கது இதன் தானியங்கிப் புள்ளி. ஒரே மெய் இருமுறை அழுத்தப்பட்டால் முதலாவது புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. முன்னது உடனிலை மெய்ம்மயக்கம். பின்னது வேற்றுநிலை மயக்கத்தின் மிகப் பெருவழக்கான வகை. ‘பட்டு’ என எழுத ப, ட, ட, உ என்னும் நான்கு விசைகள் போதும். ‘களம்பூர்’ என எழுத க, ள, ம, ப, ஊ, ர, புள்ளி என ஏழு விசைகள். மகரத்தின் புள்ளி தானே விழும். ‘ஆரணி’க்கு நான்கே விசைகள்.

ஒவ்வொரு மெய்க்கும் தனி விசை இருப்பதால் னகர ணகர, லகர ளகர மயக்கம் இம்முறையில் கருவியால் விளைவதில்லை. எனினும் ‘மமதை’ போன்று இன மெய் அடுத்து வந்தும் ஒற்றாகாத சொற்களில், இடையே அகர விசையை அழுத்தாதவர் ‘ம்மதை’ என எழுத நேரும். ஆகவே இம்முறையின் வழு புள்ளி மிகுதலே.

ஒலிபெயர்ப்பு முறை

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளின் அஞ்சல் விசைப்பலகை, அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை, ஆங்கில விசைகளின் ஒலியைக்கொண்டு தமிழ் எழுதும் வழியைப் பரவலாக்கின. தனிப்பயிற்சி வேண்டாமையே இதன் செல்வாக்கிற்குக் காரணம்.

எனினும் ஆங்கிலத்தில் ந, ன, ண மூன்றுக்கும் எழுத்து ஒன்றே. ல, ள இரண்டுக்கும் ஒன்றே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டால் இம்முறை அவற்றைப் பிரிக்கிறது. மேல்மாற்று விசையை அழுத்தாத விரலில் ‘ஆரணி’ ‘ஆரனி’யாகும், ‘களம்பூர்’ ‘கலம்பூர்’ ஆகும். உயிரின் நீட்டம் விடுபட்டால் ‘கலம்புர்’ என்றும் நிற்கும். ‘களம்’, ‘கலம்’ இரண்டும் பொருளுடைய சொற்கள். ‘பணி’, ‘பனி’ என்பனவும் அவ்வாறே. வாணி போன்ற பிழைதிருத்திகள் அகராதியில் இல்லாத சொல்லை எளிதில் சுட்டும். ஒன்றுக்கு மாறாக மற்றொரு முறையான சொல் வந்தமர்ந்தால், இடமறிந்தே காண வேண்டியிருக்கும்.

கைப்பேசியும் குரலும்

2005இல் வெளிவந்த செல்லினம் கைப்பேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது. 2013இல் ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். 7 தமிழ்99, அஞ்சல் இரண்டையும் உள்ளடக்கியது. இன்று வாட்ஸ்அப் உரையாடலில் சொல்லை முழுதும் தட்டாமல், பரிந்துரைப் பட்டையிலிருந்து தெரிந்தெடுப்போர் பலர். 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சேர்ந்தபின், தட்டச்சு அறியாதவரும் எழுத இயன்றது. தமிழ் எழுத்துலகிற்கு இது பெரும்பேறு.

குரல்வழி உள்ளீட்டில் எழுத்தைத் தேர்பவர் பேசுபவர் அல்லர், செயலியே. னகர ணகர வேறுபாடு நுண்ணிதாக ஒலிக்கும் பேச்சில், ஊர்ப்பெயர் சரியாக விழுவது அப்பெயர் செயலியின் சொற்றொகுதியில் இருப்பதைப் பொறுத்தது. பேரூர்களின் பெயர் நிலைபெற, சிற்றூர்களின் பெயர் அதனை ஒத்த பொதுச்சொல்லாகத் திரியும் வாய்ப்பு மிகுதி.

குறியேற்றமும் தேடலும்

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இலக்கணப்படி ஐந்தெழுத்துச் சொல்லாகிய ‘களம்பூர்’ அதில் எட்டுக் குறிகளாகும். புள்ளிகளும் ஊகாரக் குறியும் தனித்தனியே எண்ணப்படும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஒருங்குறியையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. நடைமுறையில் ஒருங்குறியே நிலைபெற்றது.

இதனால் நேரும் இழப்பு நடைமுறை சார்ந்தது. ‘ஆரணிப் பட்டு’ எனத் தேடுபவருக்கு, ‘ஆரனிப் பட்டு’ எனப் பதிந்த நெசவாளரின் விளம்பரம் கிடைப்பது உறுதியன்று. ஊர்ப்பெயராய்வாளர் ஒருவர் தரவகத்தில் ‘களம்பூர்’ எனத் தேடினால், ‘களம்பூா்’ எனப் பதிந்த பக்கங்கள் விடுபடலாம். ஆயினும் தேடல் முடிவு முழுமையானதாகவே தோன்றும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பெற்ற ஆய்வேடுகளோ தேடலுக்குள் வருவதே இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பழைய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்குக் கொணர்ந்தமை, இவ்விழப்பு தவிர்க்கக்கூடியதே என்பதற்குச் சான்று.

முடிவுரை

தட்டச்சுப்பொறி முறை காலையும் ரகரத்தையும் மயக்குகிறது. தமிழ்99 புள்ளியை மிகுவிக்கிறது. ஒலிபெயர்ப்பு முறை இனவெழுத்துகளை மயக்குகிறது. குரல்முறை அறியாத பெயரை அறிந்த சொல்லாக்குகிறது. வழுவின் வகையைக் கொண்டு அதனைத் தோற்றுவித்த முறையை உய்த்துணரலாம். மின்னுரைப் பதிப்பிற்கு இது பயனுள்ள கருவி.

பயனர் தமக்குப் பிடித்த செயலியைக் கைவிட வேண்டியதில்லை. உரையைத் தொகுப்போர் ஆற்றவேண்டிய பணிகள் மூன்று. ஆய்வேடுகளை ஒருங்குறிக் கோப்பாகவும் பெற்றுச் சேமித்தல் வேண்டும். மாற்றப்பட்ட உரைகளில், காலை அடுத்துப் புள்ளியோ மேல்விலங்கோ வருமிடங்களைத் தேடித் திருத்துதல் வேண்டும். தமிழில் அவ்வரிசை இயல்பாக வாராமையின் இத்திருத்தம் எளிது. ஊர்ப்பெயர்களுக்குத் திரிபுவடிவங்களையும் உடன் பதிதல் வேண்டும். இவை செய்யப்பெற்றால், ஏட்டுப் பிரதியில் கண்டது போன்ற பாடவேறுபாட்டுச் சுமை மின்னுரையை நாடும் அடுத்த தலைமுறைக்குக் குறையும்.