அட்மின் காணாமல் போனால் என்ன ஆகும்?

கரன்ட் போனால் ஃபேன் நிற்கும், டி.வி அணையும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆனால், 2009 செப்டம்பரில் ஏற்பட்ட மின்தடை, உலகம் முழுக்க உறுப்பினர்களைக் கொண்ட ஓர் இணையக் குழுவையே மாதக்கணக்கில் முடக்கிப்போட்டது. அந்தக் குழுவின் பெயர் டெமனாய்டு.

மின்தடையில் சர்வர்கள் பழுதாகின. டிஸ்க்கில் இருந்த தகவல்கள் மிஞ்சுமா என்பதே சந்தேகமாக இருந்தது. சம்பளம் வாங்காத சிலர் போராடி, டிசம்பரில் தளத்தை மீட்டெடுத்தார்கள். அந்த முறை தப்பியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் முடங்கியபோது, அதைச் சரிசெய்ய மெக்கானிக் போதவில்லை. காரணம், பழுது மெஷினில் மட்டும் இல்லை.

தரகரின் நோட்டு

டெமனாய்டு, 2003-ல் தொடங்கப்பட்ட டாரன்ட் தளம். பெரும்பாலும் அழைப்பு இருந்தால்தான் உள்ளே சேர முடியும். படம், பாட்டு, புத்தகம், மென்பொருள் என்று உறுப்பினர்கள் தங்களிடம் இருந்ததை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கோப்புகள் எதுவும் டெமனாய்டின் சர்வரில் இல்லை. அவை உறுப்பினர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களில்தான் இருந்தன. எந்தக் கோப்பை யார் யார் பகிர்கிறார்கள் என்று சொல்லிவிடுவது மட்டுமே தளத்தின் வேலை. கல்யாணத் தரகரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. ஒரு நோட்டு மட்டும் இருக்கிறது. அந்த நோட்டு தொலைந்தால், பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் வீட்டில் பத்திரமாக இருந்தாலும் கல்யாணம் நடக்காது.

அந்த நோட்டைப் பாதுகாத்தவர்கள் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை, இரவில் இந்த வேலை. போலிக் கோப்புகளை நீக்குவது, வகை பிரிப்பது, சண்டைகளைத் தீர்ப்பது என்று பல ஆண்டு உழைப்பு அதில் சேர்ந்திருந்தது.

ஊர் ஊராக ஓட்டம்

அங்கே பகிரப்பட்டவற்றில் ஏராளமானவை உரிமையாளரின் அனுமதி இல்லாதவை. கடையில் கிடைக்காத அரிய பதிவுகளும் அங்கே இருந்தன என்பது உண்மை. ஆனால், சட்டத்தின் முன் அது பதில் ஆகாது. எனவே, தளம் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் நெதர்லாந்து. அங்கே நெருக்கடி வர, 2007-ல் கனடா. அதே ஆண்டு நவம்பரில், கனடா இசைத்துறைச் சங்கம் சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துக்கு எச்சரிக்கை அனுப்ப, தளம் மூடியது. 2008 ஏப்ரலில் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டு, ‘டெய்மோஸ்’ என்ற புனைபெயரில் இயங்கிய நிறுவனர், சொந்தக் காரணங்களுக்காகப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு விலகினார். 2012-ல் இணையத் தாக்குதலில் தளம் திணறிக்கொண்டிருந்தபோதே, உக்ரைனில் இருந்த சர்வரை அதிகாரிகள் முடக்கினார்கள். 2014-ல் மறுபடியும் உயிர் வந்தது. டெய்மோஸும் திரும்ப வந்தார்.

பூட்டிய கதவு

2018-ன் பிற்பகுதியில் தளம் மீண்டும் தடுமாறத் தொடங்கியது. மற்ற நிர்வாகிகள் டெய்மோஸைத் தேடினார்கள். பதில் இல்லை. அவரது உண்மையான முகவரியும் பலருக்குத் தெரியாது. சட்டத்துக்குப் பயந்து முகத்தை மறைத்து வாழும் குழுவில், அட்மின் வீட்டுக் கதவைத் தட்ட யாராலும் முடியாது.

சர்வர், இணைய முகவரி, தரவுத்தளம் எல்லாவற்றின் சாவியும் அவரிடம்தான். 2018-ல் நடந்த ஒரு விபத்தில் அவர் இறந்திருக்கக்கூடும் என்ற செய்தி 2019-ல்தான் வெளியே வந்தது. அதற்குள் தளம் அணைந்திருந்தது. எஞ்சிய நிர்வாகிகள் புதிய முகவரியில் ஒரு தளத்தைத் தொடங்கினார்கள். ஆனால், பழைய தரவுத்தளம் அவர்கள் கையில் இல்லை. பதினைந்து ஆண்டு நோட்டு போய், முதல் பக்கத்திலிருந்து எழுத வேண்டியிருந்தது.

போலீஸும் வழக்கும் முழுசாகச் செய்து முடிக்காததை, ஒரு தொலைந்த சாவி செய்துவிட்டது.

சாவி இருந்தும் சண்டை

‘திருட்டுத்தனமாக நடத்தினால் அப்படித்தான் ஆகும்’ என்று சொல்லிவிடலாம். ஆனால், சட்டத்துக்கு உட்பட்டு வெளிப்படையாக நடந்த இடத்திலும் இதே சிக்கல் வந்தது.

ஃப்ரீநோட் என்பது கோப்புப் பகிர்வுத் தளம் அல்ல, அரட்டை வலைப்பின்னல். உபுண்டு, விக்கிமீடியா போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேதான் கூடிப் பேசினார்கள். அதன் நிறுவனர் ராப் லெவின் 2006-ல் சாலை விபத்தில் இறந்த பிறகும் அது நிற்கவில்லை. கூட இருந்தவர்கள் ஏற்று நடத்தினார்கள்.

பின்னாளில் அதன் பெயரில் ஒரு நிறுவனம் பதிவானது. அந்த நிறுவனம் பிறகு தொழிலதிபர் ஆண்ட்ரூ லீயின் கைக்குப் போனது. 2021-ல் தகராறு வெடித்தது. ‘முறைப்படி எனக்குச் சொந்தமானது’ என்பது அவர் வாதம். ‘நாங்கள் நடத்துவதை யாரும் விற்க முடியாது’ என்பது தன்னார்வலர்களின் வாதம். மே 19 அன்று அவர்களில் பெரும்பாலோர் ராஜினாமா செய்து, ‘லிபெரா சாட்’ என்ற புதிய வலைப்பின்னலைத் தொடங்கினார்கள்.

ஒரு வாரத்தில், புதிய இடத்தின் பெயரைத் தலைப்பில் குறிப்பிட்டிருந்த சுமார் 700 அரட்டை அறைகளைப் பழைய நிர்வாகம் தன் வசம் எடுத்துக்கொண்டது. ஜூனில் மென்பொருளை மாற்றியபோது, பழைய பயனர் கணக்குகளும் அறைப் பதிவுகளும் அழிந்தன. தயங்கிக்கொண்டிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். உபுண்டுவும் விக்கிமீடியாவும் லிபெராவுக்கு மாறின.

இந்த முறை தன்னார்வலர்கள் ஒரு விஷயத்தில் உஷாராக இருந்தார்கள். லிபெராவை ஸ்வீடனில் லாப நோக்கமற்ற சங்கமாகப் பதிவுசெய்தார்கள். நடத்துகிறவர்களே அதன் உறுப்பினர்கள். தனி ஒருவர் அதை விற்கவும் முடியாது, சாவியோடு மறையவும் முடியாது.

நம் குரூப்புக்கும் இதே கதைதான்

டாரன்ட்டும் வேண்டாம், அரட்டை அறையும் வேண்டாம். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப், பள்ளி நண்பர்கள் குழு, குடும்பப் புகைப்படங்கள் மொத்தமும் கிடக்கும் பெரியண்ணனின் கூகுள் கணக்கு என்று ஒருவரை மட்டும் நம்பி நிற்கும் பொதுச் சொத்து எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அந்த ஒருவர் நல்லவர்தான். சண்டை போடாதவர்தான். ஆனால் போன் தொலையலாம், உடம்பு முடியாமல் போகலாம், மனஸ்தாபம் வரலாம்.

செய்ய வேண்டியது மூன்றே விஷயம். ஒன்று, நம்பிக்கையான இன்னொருவரையும் அட்மின் ஆக்குவது. இரண்டு, முக்கியமான படங்களுக்கும் கணக்குகளுக்கும் வேறோர் இடத்தில் பேக்கப் வைத்து, அது திறக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது. மூன்று, பணமோ இணைய முகவரியோ யார் பெயரில் இருக்கிறது, அவர் விலகினால் யாரிடம் போகும் என்பதை எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதிவைப்பது.

பீரோவுக்கு இரண்டாவது சாவி செய்து வைக்கிறோம். வீட்டில் இருப்பவர்களை நம்பாததாலா?