சாரதியின் உறக்கமும் வைத்தியரின் கையொப்பமும்

குறட்டை விடுவோரை உலகம் நெடுங்காலமாக நகைப்புக்குரியோராகவே கருதி வந்திருக்கிறது. தமிழர் வீடுகளில் அத்தகையவருக்குக் கும்பகர்ணன் என்று பெயரிட்டு மகிழ்வது வழக்கம். ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1836 ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய பிக்விக் கதையிலே ஜோ என்னும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். உண்பதும் உறங்குவதுமே அவன் தொழில். ஏவிய வேலையின் நடுவிலும் நின்ற நிலையிற் கண்ணயர்ந்துவிடுவான். வாசகர் சிரித்தனர். நூற்றிருபது ஆண்டுகள் சென்றபின், 1956 இல், அமெரிக்க வைத்தியர் சிலர், மிகுந்த பருமனும் அடக்கவொண்ணாப் பகலுறக்கமும் உடைய ஒரு நோயாளரைப் பற்றி எழுதியபொழுது, அந்நோய்க்குப் பிக்விக் என்ற பெயரையே சூட்டினர். 1965 இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள் இத்தகையோரின் மூச்சை இரவு முழுவதும் கருவிகொண்டு பதிவு செய்தபோது உண்மை வெளிப்பட்டது. உறங்கும்பொழுது அவர்களுடைய மூச்சு மீண்டும் மீண்டும் நின்று நின்று தொடர்ந்தது. சிரிப்பதற்கு அதிலே ஒன்றும் இருக்கவில்லை.

துயில் மூச்சுத்தடை என்று இதனைக் கூறலாம். வைத்தியர்கள் சிலீப் அப்னியா என்பர். அப்னியா என்பது மூச்சின்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உறக்கம் ஆழமாகும்பொழுது எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. தொண்டைவழி இயல்பாகவே ஒடுங்கியவருக்கும், கழுத்திற் கொழுப்புத் திரண்டவருக்கும், கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கியவருக்கும் அத்தளர்ச்சியால் வழி முழுவதும் அடைபட்டுவிடுகிறது. நெஞ்சு காற்றை இழுக்க முயல்கிறது, காற்று உட்செல்வதில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சிலபோது அதற்கும் மேலாக இந்நிலை நீடிக்கும். குருதியில் ஒட்சிசன் குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குபவரைக் கணநேரம் எழுப்புகிறது. பெரும் ஓசையுடன் மூச்சு வருகிறது, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. மணிக்கு ஐந்து தடவைக்குட்பட்டால் குறையில்லை. ஐந்து முதல் பதினைந்து வரை இலேசானது, பதினைந்து முதல் முப்பது வரை நடுத்தரமானது, முப்பதுக்கு மேற்பட்டால் கடுமையானது என்பது வைத்தியர் கணக்கு. கடுமையான நோயுடையவர் ஓரிரவில் இருநூறு முறைக்கு மேல் விழித்தெழுகிறார். ஆயினும் காலையில் அவரைக் கேட்டால், நன்றாக உறங்கியதாகவே கூறுவார். அவ்விழிப்புகளில் ஒன்றேனும் அவர் நினைவில் நிற்பதில்லை. அருகிற் படுத்திருக்கும் மனைவிக்குத் தெரிந்த நோய், அந்நோயை உடையவருக்குத் தெரியாது.

இந்த விசித்திரமே ஐக்கிய அமெரிக்காவில் லொறிச் சாரதிகளின் வைத்திய அத்தாட்சியைப் பெரும் வழக்காக்கியிருக்கிறது. அந்நாட்டின் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் ஓடும் பார லொறி ஒன்று, சரக்குடன் 80,000 இறாத்தல் வரை எடையுடையதாக இருக்கலாம். மணிக்கு 65 மைல் வேகத்திற் செல்லும்பொழுது அது விநாடிக்கு ஏறத்தாழ 95 அடி ஓடுகிறது. சாரதி நான்கு விநாடி கண்ணயர்ந்தால் 380 அடி தூரம் அவ்வாகனத்தைச் செலுத்துவார் எவருமில்லை. எனவே மாநிலம் விட்டு மாநிலம் பார வாகனம் செலுத்துவோர், அதற்கென அரசாங்கம் பதிவு செய்த வைத்தியரிடம் உடற்பரிசோதனை செய்து அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும். நல்ல தேகநலம் உடையவருக்கும் அது இரண்டு ஆண்டுகளுக்கு மேற் செல்லாது.

வாகனத்தைப் பத்திரமாகச் செலுத்துவதற்குத் தடையாகக்கூடிய சுவாசக் குறைபாடு இருத்தலாகாது என்று சமஷ்டி அரசாங்கத்தின் விதி கூறுகிறது. துயில் மூச்சுத்தடை என்ற பெயர் விதியில் இல்லை. வைத்தியருக்கு வழங்கப்பட்ட ஆலோசனைக் குறிப்பில்தான் இருக்கிறது. பரிசோதனைக்கு முன்னர் சாரதி நிரப்பும் படிவத்திலும் ஒரு கேள்வி உண்டு: உறக்கக் கோளாறு, உறங்கும்போது மூச்சு நிற்றல், பகலில் உறக்கம், உரத்த குறட்டை இவை உளவா? கேள்வி செவ்வையானதே. ஆனால் விடை சொல்ல வேண்டியவர் யார்? தம் நோயைத் தாமே அறியாதவர். அறிந்தாலும் அதைச் சொன்னால் பிழைப்பை இழக்க நேரிடுமோ என்று அஞ்சுபவர்.

அச்சம் என்ன செய்யும் என்பதற்கு 2000 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆந் தேதி தெனசி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அண்மையில் நிகழ்ந்த விபத்து சான்றாகும். வீதிவேலை வாகனங்களுக்குக் காவலாகப் பின்னே சென்ற நெடுஞ்சாலைப் பொலிஸ் வாகனத்தின்மீது ஒரு லொறி மோதியது. பொலிஸ் உத்தியோகத்தர் மாண்டார். லொறிச் சாரதிக்குத் துயில் மூச்சுத்தடையும் தைரொயிட்டுச் சுரப்பிக் குறைவும் இருந்தன. நோய் முன்பே கண்டறியப்பட்டிருந்தும் அத்தாட்சிப் பரிசோதனையில் அது வெளிவரவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்து, தகுதியற்ற சாரதியைக் கண்டுபிடித்து விலக்கத் தவறிய அத்தாட்சி முறையையே காரணங்களில் ஒன்றாகக் கூறியது. 2009 ஜூன் 26 இல் ஒக்லஹோமா மாநிலத்தின் மயாமி என்னும் சிற்றூரருகே, நெருக்கடியால் நின்றிருந்த வாகன வரிசைக்குள் ஒரு லொறி தடையே போடாமற் புகுந்தது. பதின்மர் உயிரிழந்தனர். அங்கே சாரதிக்கு இருந்தது இலேசான மூச்சுத்தடை. போதிய துயிலின்மையும் வேலை நேரக் குழப்பமும் அதனோடு சேர்ந்தன. நோய் ஒன்றின்மீதே பழி முழுவதையும் சுமத்துவது நேர்மையன்று. நடு இரவில் எழுந்து வண்டியேறும் தொழிலில், களைத்த உடலை இந்நோய் மேலும் களைக்கச் செய்கிறது என்பதே பொருத்தம்.

இந்நோய் எத்தனை சாரதிகளுக்கு உண்டு? பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், வர்த்தக வாகன அனுமதிப்பத்திரம் உடையோருள் நூற்றுக்கு 28 பேருக்கு ஏதோ ஓரளவில் மூச்சுத்தடை காணப்பட்டது. பெரும்பாலோர்க்கு அது இலேசானது. நடுத்தரமும் கடுமையும் சேர்ந்து நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தன. தொழிலும் நோய்க்குத் துணை போகிறது. பகல் முழுவதும் ஆசனம். வழியோரக் கடையிற் பொரித்த உணவு. உடற்பயிற்சிக்கு இடமுமில்லை, நேரமுமில்லை. 2010 இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் தொலைதூர லொறிச் சாரதிகளுள் நூற்றுக்கு 69 பேர் மிகைப் பருமனுடையோர். பொதுவான தொழிலாளரிடையே அது 31 பேரே.

சாரதியின் வாய்மொழி போதாதென்றால் வைத்தியர் எதை நம்புவது? அளவு நாடாவையும் தராசையும் நம்பலாம் என்பது ஒரு சாரார் துணிபு. உடல் எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் பெறும் உடற்றிணிவுச் சுட்டி 40 அல்லது அதற்கு மேலாயின் இரவுத் துயிற் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 33 ஆயின், வேறு மூன்று அறிகுறிகளேனும் சேர்ந்திருந்தால் அனுப்ப வேண்டும் என்று அரசாங்கத்தின் வைத்திய மீளாய்வுச் சபை 2016 இல் ஆலோசனை கூறியது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, உரத்த குறட்டை, ஆணாயின் 17 அங்குலத்திற்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, 42 வயது கடந்தமை முதலியன அவ்வறிகுறிகள். நாடா பொய் சொல்லாது. ஆயினும் அது அறியாதவையும் உண்டு. ஆசிய மக்களிடையே, தாடை அமைப்பின் காரணமாக, பருமன் குறைந்தவருக்கும் இந்நோய் வருகிறது. மெலிந்த சாரதி தராசைக் கடந்து எளிதாகச் சென்றுவிடுவார். பருத்தும் நோயில்லாத மற்றொருவர் வீண் செலவுக்கும் கவலைக்கும் ஆளாவார்.

செலவு என்பது சிறு சொல்லன்று. சொந்த லொறியை ஓட்டிப் பிழைப்பவருக்குப் பரிசோதனை நாள் ஊதியமில்லா நாள். துயில் ஆய்வுகூடத்தில் ஓரிரவு தங்குவதற்குப் பெருந்தொகை வேண்டும். வீட்டிலே அணிந்துகொள்ளும் சிறு கருவி வந்தபின் சுமை சற்றுக் குறைந்துள்ளது. தம்மைப் பரிசோதனைக்கு அனுப்புவோரே அதனால் ஆதாயம் பெறுகிறார்கள் என்ற ஐயமும் சாரதிகளிடம் உண்டு. சொந்த வாகனச் சாரதிகளின் சங்கம் கட்டாயப் பரிசோதனையைத் தொடர்ந்து எதிர்த்து வந்தது இவ்வாறான காரணங்களாலேயே. இவற்றைச் சோம்பேறிகளின் சாக்கு என்று தள்ளிவிடலாகாது.

ஆனால் மறுபக்கத்திலும் உறுதியான சான்று இருக்கிறது. தன் சாரதிகளுக்கெல்லாம் தானே சோதனையும் சிகிச்சையும் ஏற்படுத்திய ஒரு பெரிய லொறிக் கம்பனியின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் 2016 இல் முடிவை வெளியிட்டனர். நோயிருந்தும் சிகிச்சையை முற்றாகக் கைவிட்டவர்கள், தவிர்த்திருக்கக்கூடிய பாரதூரமான விபத்துகளில் மற்றவரைவிட ஐந்து மடங்கு சிக்கினர். சிகிச்சையை ஏற்றவர்களோ நோயற்றவர்களோடு ஒத்திருந்தனர். அதாவது, அபாயம் நோயிலன்று, கவனிக்கப்படாத நோயிலேயே இருந்தது. அதே ஆராய்ச்சியாளர்கள் மற்றொன்றையும் சுட்டிக்காட்டினர்: சிகிச்சையை மறுத்தவர் அக்கம்பனியை விட்டு விலகி, வேறொரு கம்பனியிற் சேர்ந்து, ஒன்றும் சொல்லாமல் வண்டியோட்டலாம். நாடு முழுவதற்கும் ஒரே விதி இல்லாதவரையில் ஒரு முதலாளியின் நன்முயற்சி இவ்வளவே செய்யும்.

அவ்விதி ஏன் வரவில்லை? 2013 ஒக்டோபரில் அமெரிக்கக் கொங்கிரஸ் ஒரு சிறு சட்டத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. சாரதிகளுக்கு உறக்கக் கோளாற்றுச் சோதனையை விதிப்பதாயின், வெறும் சுற்றறிக்கையால் அன்றி, பொதுமக்கள் கருத்தும் கேட்டு முறையான விதியாக்கத்தின் மூலமே விதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு டிசம்பர் 1 ஆந் தேதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், 30 மைல் வேகத்திற் கடக்கவேண்டிய வளைவை 82 மைல் வேகத்தில் அணுகிய புகையிரதம் தடம் புரண்டு நால்வர் மாண்டனர். சாரதிக்குக் கடுமையான மூச்சுத்தடை இருந்தமை பின்னரே தெரிந்தது. 2016 மார்ச்சில் லொறிக்கும் புகையிரதத்திற்கும் பொறுப்பான இரு நிருவாகங்களும் சேர்ந்து விதியாக்கத்தின் முதற்படியான அறிவித்தலை வெளியிட்டன. அவ்வாண்டு செப்டெம்பர் 29 இல் நியூஜேர்சியின் ஹோபோக்கன் நிலையத்தில் புகையிரதம் தண்டவாள முடிவைக் கடந்து மோதியது. அச்சாரதிக்கும் அதே நோய், அதே விதமாகப் பின்னரே வெளிப்பட்டது. எனினும் 2017 ஆகஸ்டில், நடைமுறையிலுள்ள பாதுகாப்புத் திட்டங்களே போதுமென்று கூறி அறிவித்தல் மீளப்பெறப்பட்டது.

ஆகவே சுமை முழுவதும் வைத்தியரின் மேசைக்கே திரும்பியது. ஐயம் தோன்றினால் அவர் மூன்று மாத காலத்துக்குக் குறுகிய அத்தாட்சி வழங்கி, அதற்குள் துயிற் பரிசோதனை செய்து வருமாறு கூறலாம், கூறாமலும் விடலாம். ஒரே சாரதி ஓரூரில் இரண்டாண்டு அத்தாட்சியும், அடுத்த ஊரில் பரிசோதனைக் கட்டளையும் பெறக்கூடும். இளகிய கையொப்பம் எங்கே கிடைக்கும் என்பது சாரதிகளின் பேச்சில் பரவுவது இயல்பே. கண்டிப்பான விதியைச் சாரதிகள் அஞ்சுகின்றனர். விதியற்ற இந்நிலையிலும் அவர்களுக்கு நிச்சயம் ஒன்றுமில்லை. முதலாளிமாருக்கோ வழி திறந்திருக்கிறது. உடற்றிணிவுச் சுட்டி 35 க்கு மேற்பட்ட சாரதியைத் துயிற் பரிசோதனைக்குப் போகுமாறு கம்பனி வற்புறுத்தலாம் என்று சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2016 இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு பாதையிற் சென்றது. 2014 இல் அது பிறப்பித்த கட்டளைப்படி, பகலுறக்கத்தோடு கூடிய நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை சிகிச்சையின்றி இருந்தால் அனுமதிப்பத்திரம் இல்லை. சிகிச்சை பெறும் பார வாகனச் சாரதி ஆண்டுக்கொரு முறையேனும் வைத்திய மீளாய்வுக்கு உட்படவேண்டும்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் ஒரு முகமூடிதான். 1980 இல் சிட்னி நகரில் வைத்தியர் கொலின் சலிவன் முதன்முதல் கையாண்ட முறை அது. சிறு இயந்திரம் ஒன்று மூக்கின் வழியே மென்மையான அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தித் தொண்டை ஒட்டிக்கொள்ளாமற் காக்கிறது. மருந்துமில்லை, வாளுமில்லை. முதற் சில இரவுகள் முகத்திற் பட்டை இறுகுவதும் காற்று கசிவதும் தொல்லையாகவே இருக்கும். பலர் அங்கேயே கைவிடுகின்றனர். பொறுத்தவர்களிற் பலர், பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகத் தெளிந்த தலையோடு விடியலைக் கண்டதாகச் சொல்வதுண்டு. லொறியின் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள படுக்கையிலும் இதனை வாகனத்தின் மின்சாரங்கொண்டு இயக்கலாம். எந்த இரவு எத்தனை மணி நேரம் அணியப்பட்டது என்பதை இயந்திரமே குறித்து வைக்கிறது. நூற்றுக்கு எழுபது இரவுகளிலேனும், இரவுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்திருக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் வழங்கிவரும் குறைந்தபட்ச அளவு. சிகிச்சையிலிருக்கும் சாரதி ஆண்டு முடிவில் அந்தக் குறிப்போடு வைத்தியரிடம் செல்கிறார். இப்பொழுது அவர் படிவத்தில் எழுதும் விடையோடு, உறங்கியிருந்த நேரத்திற் பதிவான கணக்கும் மேசைமேல் இருக்கிறது.